விரிசல் விட்ட வீடு: பழுது பார்த்து விற்பதா, அப்படியே விற்பதா, இடித்து விற்பதா?

மடிப்பாக்கத்தில் என் அத்தையின் வீடு. 1991இல் கட்டியது. ஒரு நாள் மதியம் ஹாலில் இருந்த கட்டிலின்மேல் சோற்றுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, கட்டிலில் யாரும் இல்லை. மேலே பார்த்தால் துருப்பிடித்த கம்பி. அத்தை பையன் ஸ்டூல் போட்டு ஏறி விரலால் தட்டினான். வேர்க்கடலைத் தோல் மாதிரி துரு உரிந்து வந்தது. அன்றைக்கே "வித்துடலாம்" என்று முடிவாகிவிட்டது. எப்படி விற்பது என்பதற்குத்தான் எட்டு மாதம் ஆனது.

கொத்தனார் ஒன்று சொன்னார், புரோக்கர் ஒன்று சொன்னார், ஆடிட்டர் இரண்டும் தப்பு என்றார். பிறகு அதே கேள்வியோடு பலர் என்னிடம் வந்தார்கள். அதனால் பொதுவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. சென்னையையும் புறநகரையும் மனதில் வைத்துச் சொல்கிறேன். சட்டமும் வரியும் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். நில விலைதான் ஊருக்கு ஊர் மாறும், அது மாறினால் விடையும் மாறலாம்.

## முதலில் நோய் என்ன?

எல்லா விரிசலும் ஒன்றில்லை. பூச்சில் சிலந்தி வலை மாதிரி ஓடும் மெல்லிய கோடுகளுக்காக யாரும் வீட்டை விற்க வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறு: ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு போல ஏறும் விரிசல், சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரியும் விரிசல், பில்லரில் கம்பியின் நீளத்துக்கே மேலிருந்து கீழ் ஓடும் வெடிப்பு, திடீரென்று மூடாமல் அடம்பிடிக்கும் கதவு.

சென்னையில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று களிமண். ஏரியை ஒட்டிய பகுதிகளில் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். மே மாதம் விரியும் விரிசல் நவம்பர் மழைக்குப் பிறகு கொஞ்சம் மூடிக்கொண்டால் அது கடைக்காலின் வேலை. இன்னொன்று உப்பு. கடற்காற்று, அந்தக் காலத்தில் உப்பு போர் தண்ணீரிலேயே கான்கிரீட் கலந்தது, கம்பிக்கு வெளியே அதை மூட விரற்கடைகூட கான்கிரீட் கவர் விடாதது, எல்லாம் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் கான்கிரீட்டை வெடிக்க வைத்துவிடும்.

இவற்றில் எது என்று தெரியாமல் விற்கும் வழியைப் பேசுவது வீண். கொத்தனாரைக் கேட்காதீர்கள், அவருக்குப் பூசுவது தொழில், பூசலாம் என்றுதான் சொல்வார். வேலையை எடுத்துச் செய்யாத, அறிக்கை மட்டும் தரும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல கான்கிரீட் "டக்" என்று திருப்பிச் சொல்லும், உள்ளே பிரிந்துபோனது காலி டப்பா போல ஒலிக்கும். தேவைப்பட்டால் கான்கிரீட்டின் பலம் பார்க்க ரீபவுண்டு ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனை, துளையிட்டுத் துண்டு எடுக்கும் கோர் சோதனை என்று போவார். பெரிய கட்டடம் என்றால் அண்ணா பல்கலைக்கழகம், தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்கள் இருக்கின்றன. தனி வீட்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

அத்தை வீட்டுக்கு வந்த என்ஜினியர் விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்டால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவிட்டுப் போனார். ஏழு வாரத்தில் கண்ணாடி உடைந்தது. விரிசல் இன்னும் நகர்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அதன் பிறகு வீட்டில் விவாதமே மாறிவிட்டது.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லோரும் கேட்பது "எவ்வளவுக்குப் போகும்" என்ற ஒரே கேள்விதான். நான் ஐந்தைப் பார்ப்பேன்.

1. செலவு, வரி, தரகு எல்லாம் போகக் கையில் நிற்பது எவ்வளவு?
2. விற்பதற்கு முன் நம் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும்?
3. எத்தனை மாதம் ஆகும்? அதுவரை எங்கே குடியிருப்பது?
4. நம்மை வந்து வாங்கப்போவது யார்? குடும்பமா, பில்டரா, பக்கத்து வீட்டுக்காரரா? அவருக்கு வங்கிக் கடன் தேவையா?
5. விற்றபின் நம்மேல் வரக்கூடிய வழக்கு, வரி நோட்டீஸ் என்ன?

என்னைக் கேட்டால் நான்காவதுதான் மற்ற நான்கையும் தீர்மானிக்கிறது. வழியைத் தேர்ந்தெடுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் வாங்குபவரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். எங்கள் ஏரியா புரோக்கர் இதையே வேறு மாதிரி சொன்னார்: "அம்மா, நீங்க வீட்டுக்கு விலை சொல்லாதீங்க, மண்ணுக்குச் சொல்லுங்க. வர்றவன் மண்ணைத்தான் பார்ப்பான்." அத்தைக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷம் பெருக்கித் துடைத்த வீடு. ஆனால் அவர் சொன்னது சரி.

ஒன்றை மட்டும் எந்த வழிக்கும் முன்னால் முடித்துவிடுங்கள். பட்டா யார் பெயரில், வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது, எல்லா வாரிசுகளும் கையெழுத்துக்கு வருவார்களா என்று பாருங்கள். இடிந்த வீட்டை விற்றுவிடலாம், இழுபறிப் பத்திரத்தை விற்க முடியாது.

## வழி ஒன்று: பழுது பார்த்து விற்பது

மனசுக்கு இதமான வழி இது. கணக்கில் பெரும்பாலும் தோற்கும் வழியும் இதுதான்.

காரணம் எளிது. பழுதுக்குப் போடும் ஒவ்வொரு ரூபாயும் விலையில் ஒரு ரூபாயாகத் திரும்பி வராது. அத்தை வீட்டில் துருவைச் சுரண்டி, கம்பி சேர்த்து, மைக்ரோ கான்கிரீட் போட்டு, நான்கு பில்லருக்கு ஜாக்கெட்டிங் (பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போடுவது) செய்ய 14 லட்சம் என்று எஸ்டிமேட் வந்தது. அப்படிச் செய்தால் எவ்வளவு கூடுதலாகப் போகும் என்று புரோக்கரைக் கேட்டோம். 7, 8 லட்சம் என்றார். முப்பது வயது வீடு, பழுது பார்த்தாலும் முப்பது வயது வீடுதான்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். முதலாவது, எஸ்டிமேட் என்பது வெளியே தெரிவதற்கு மட்டும். கான்கிரீட்டைக் கொத்தித் திறந்த பிறகுதான் உள்ளே கம்பி எவ்வளவு மிச்சம் என்று தெரியும். அந்த நிலையில் "இன்னும் மூணு லட்சம் ஆகும் சார்" என்று காண்ட்ராக்டர் சொன்னால், முட்டுக் கொடுத்து நிற்கும் வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. இரண்டாவது, வேலை நடக்கும் மாதங்களுக்கு வெளியே வாடகை. மூன்றாவது, களிமண் பிரச்சினை என்றால் மேலே என்ன பூசினாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் கோடு வரும். நான்காவது கொஞ்சம் வேடிக்கையானது. பழைய வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை அடித்தாலே வாங்க வருபவர் சந்தேகப்படுவார். எதை மறைத்திருக்கிறார்கள் என்று சுவரைத் தட்டிப் பார்ப்பார்.

இது லாபமாகும் இடங்களும் உண்டு. சேதம் ஒரு சன்ஷேடு, ஒரு போர்டிகோ, ஒரு பாத்ரூம் தளம் என்று ஒரு மூலையில் அடங்கியிருந்தால் செய்துவிடலாம். வீட்டுக்கு 15, 20 வயதுதான் என்றால், வாங்குபவர் குடியிருக்கும் குடும்பம், அவருக்கு வங்கிக் கடனும் கிடைக்கும் என்பதால், பழுது பார்ப்பது சரி. இடித்தால் திரும்ப அதே அளவு கட்ட முடியாத இடங்களிலும் அப்படித்தான். சிறிய மனையில் இடித்துக் கட்டினால் சுற்றிலும் செட்பேக் என்று காலி இடம் விட வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்தால் புது அனுமதிக்குத் தனிக் கட்டுப்பாடுகள். அங்கே நிற்கிற கட்டடத்துக்கே ஒரு விலை இருக்கிறது.

பழுது பார்த்தால் முழுசாகப் பாருங்கள். கொத்தித் திறந்த நிலையில் படம், வாங்கிய பொருட்களின் பில், என்ஜினியரின் கையெழுத்து மூன்றையும் ஃபைலில் வைத்து வாங்குபவரிடம் கொடுங்கள். விரிசலில் பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்து விற்பதைப் பழுது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு வேறு பெயர், அடுத்த பகுதியில் வருகிறது.

## வழி இரண்டு: உள்ளது உள்ளபடி விற்பது

சொத்து மாற்றுச் சட்டம், 1882. அதன் 55ஆம் பிரிவு விற்பவரின் கடமைகளில் முதலாவதாகச் சொல்வது இதைத்தான்: விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை ஏதும் இருந்தால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தச் சட்டமே அதை மோசடி என்கிறது. கூரையில் கம்பி தொங்கினால் அவர் கண்ணாலேயே பார்ப்பார். பூசி மறைத்த பில்லரை எப்படிப் பார்ப்பார்? மறைத்து விற்பதன் விலை அங்கேதான் இருக்கிறது, வக்கீல் ஃபீஸ் உட்பட.

நேர்மையாகச் சொல்லி விற்பதில் ஒரு வசதியும் உண்டு. என்ஜினியர் அறிக்கையின் நகலைக் கொடுத்து, "கட்டடத்தின் நிலையை நேரில் பார்த்து, அறிக்கையைப் படித்து, அறிந்தே வாங்குகிறேன்" என்று விற்பனை ஒப்பந்தத்திலும் கிரயப் பத்திரத்திலும் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால், நாளைக்கு அவர் நம்மேல் வருவது கடினம். பேரமும் ஒரே தடவையில் முடியும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை வீட்டைப் பார்க்க வரும்போதும் புதிதாக ஒரு விரிசலைக் காட்டி விலையைக் குறைப்பார்.

இந்த வழியில் அறிக்கைச் செலவைத் தவிரக் கையிலிருந்து போட வேண்டியது எதுவுமில்லை. நல்ல ஆள் கிடைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் முடியும். விலை? அந்தத் தெருவின் மனை விலையில் இடிப்புச் செலவையும், வாங்குபவரின் தொந்தரவுக்கு ஒரு தொகையையும் கழித்தால் வரும்.

மூன்று இடத்தில் அடிபடும்.

வங்கி. வாங்குபவர் லோன் போட்டுத்தான் வாங்குகிறார் என்றால் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். கட்டடம் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்று அவர் எழுத வேண்டும். அங்கே லோன் நின்றுபோகும், இரண்டு மாதம் காத்திருந்தது வீண். அதனால் விலை பேசுவதற்கு முன்பே பணம் எப்படி வரும் என்று கேட்டுவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

அட்வான்ஸ். ஒரு லட்சம் டோக்கன் கொடுத்து, பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் கேட்பவர் பெரும்பாலும் வாங்குபவர் இல்லை. உங்கள் வீட்டை வேறு யாருக்காவது கைமாற்றி லாபம் பார்க்க நினைப்பவர். நீங்கள் சாமானைக் கட்டி வாடகை வீட்டுக்குப் போன பிறகு, "மண்ணு சரியில்லை, பைல் ஃபவுண்டேஷன் போடணும்" என்று பத்து லட்சம் குறைக்கச் சொல்வார். அட்வான்ஸ் 10 சதவீதத்துக்குக் குறையாமல், கெடு 60 முதல் 90 நாள் என்று நில்லுங்கள்.

வரி. ஒடுங்கிய வீடு என்று விலையைக் குறைத்துக் கொடுக்கும்போது அரசின் வழிகாட்டி மதிப்பைக் கவனியுங்கள். விற்ற தொகையைவிட அரசு மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரிக் கணக்கில் அரசு மதிப்புக்கே விற்றதாக எடுத்துக்கொள்வார்கள். கைக்கு வராத பணத்துக்கு வரி. 50சி என்று ஆடிட்டர்கள் பேசுவது இதைத்தான். வாங்குபவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகச் சேரும். கட்டடத்தின் மோசமான நிலைதான் காரணம் என்று வாதாட வழி உண்டு, வரி அதிகாரியிடம் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அப்போது அந்த என்ஜினியர் அறிக்கை மறுபடி கைகொடுக்கும்.

இன்னொரு ஆசையும் வரும். தமிழ்நாட்டில் வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம் கட்ட வேண்டும். கட்டடத்துக்கும் மதிப்புப் போட்டு அதற்கும் சேர்த்துத்தான். "எப்படியும் இடிக்கப் போறோம், காலிமனைன்னு எழுதிடலாமே" என்பார்கள். வீடு நிற்கும்போது அப்படி எழுதாதீர்கள். காலிமனை என்றால் இடத்தின் புகைப்படத்தையே ஆவணத்தோடு கேட்கிறார்கள். பொய் என்று தெரிந்தால் பதிவும் நிற்கும், உங்கள் வரிச் சலுகைக்கும் வேட்டு வைக்கும். எப்படி என்பது அடுத்த வழியில்.

அத்தை கடைசியில் இந்த வழியில்தான் விற்றார். வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு மனையையும் சேர்த்தால் அவருக்குக் கிடைக்கும் அகலம் வேறு யாருக்கும் கிடைக்காது. வெளியாள் யாரும் சொல்லாத விலையை அவர் சொன்னார், தரகும் மிச்சம். போர்டு மாட்டுவதற்கு முன் இடது, வலது, பின்பக்கம் மூன்று வீட்டுக் கதவையும் ஒரு தடவை தட்டுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீடாக இருந்தாலும் சரி, ஒரு பெரியவரை விட்டுக் கேளுங்கள்.

## வழி மூன்று: இடித்துவிட்டு மனையாக விற்பது

சுத்தமான காலிமனைக்குக் கூட்டம் அதிகம். வருபவர் கண்ணை மூடித் தன் வீட்டைக் கற்பனை செய்துகொள்ள முடியும். தலைமேல் தொங்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அதனால் விலை கொஞ்சம் கூடும்.

இடிப்புச் செலவு பலர் பயப்படும் அளவுக்கு இருக்காது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய கூரை), பர்மா தேக்கு உத்தரம், நிலை, ஜன்னல் என்றால் இடிப்பவரே உங்களுக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்வார். அந்த மரத்துக்கு நல்ல சந்தை இருக்கிறது. ஒருவரை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள், மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 90களின் கான்கிரீட் வீட்டில் அந்தப் புதையல் கிடையாது. துருப்பிடித்த கம்பிக்கு எடைக்கு எடைதான், நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ரப்பிஷ் அள்ளுவது யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். போர், சம்ப், காம்பவுண்டு சுவர் மூன்றையும் தொடக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். வாங்குபவர் வீடு கட்ட அவை வேண்டும்.

உள்ளாட்சியின் இடிப்பு அனுமதி, மின், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளைத் துண்டிப்பது, சொத்து வரியைக் காலிமனை வரியாக மாற்றுவது, இவை அலைச்சல்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாதிரி ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் இடத்தில் சுவர் பொதுச்சுவராக இருந்தால் கதையே வேறு. நீங்கள் இடிக்கும்போது பக்கத்து வீட்டில் விரிசல் வந்தால் அது உங்கள் கணக்கு. இடிப்பதற்கு முன் அவர் வீட்டுச் சுவர்களை அவர் முன்னிலையிலேயே படம் எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் சில்லறை. பெரிய பொறி வருமான வரியில் இருக்கிறது, புரோக்கருக்கும் இடிப்பவருக்கும் இது தெரியாது.

குடியிருப்பு வீட்டை விற்று வேறு வீடு வாங்கினால், லாபத்தை மட்டும் புது வீட்டில் போட்டால் போதும், மூலதன ஆதாய வரி இல்லை. பழைய வருமான வரிச் சட்டத்தின் எண்ணில் இது 54ஆம் பிரிவு. வீட்டை இடித்துவிட்டு வெறும் மனையாக விற்றால் நீங்கள் விற்றது வீடு இல்லை. அப்போது வேறு பிரிவு, 54எஃப். அங்கே லாபத்தை மட்டும் போட்டால் போதாது, விற்று வந்த முழுத் தொகையையும் புது வீட்டில் போட வேண்டும். குறைத்துப் போட்டால் விகிதப்படிதான் விலக்கு. விற்கும் நேரத்தில் உங்கள் பெயரில் ஒன்றுக்கு மேல் வேறு வீடு இருந்தால் அந்த விலக்கே கிடையாது.

கணக்குக்காக ஒன்று. 1.9 கோடிக்கு விற்கிறீர்கள், அதில் லாபம் 1.1 கோடி. வீடாக விற்றிருந்தால் 1.1 கோடிக்கு ஃபிளாட் வாங்கினால் வரி இல்லை, மீதி 80 லட்சம் கையில் நிற்கும். மனையாக விற்றால் அதே 1.1 கோடி ஃபிளாட்டுக்கு 63.7 லட்சத்துக்குத்தான் விலக்கு. மீதி 46 லட்சத்துச் சொச்சத்துக்கு வரி. இடித்ததால் விலை நான்கு லட்சம் கூடியது என்று சந்தோஷப்பட்டவர் அதை இங்கே கொடுத்துவிட்டுப் போவார். 2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆனால் ஆடிட்டரிடம் 54, 54எஃப் என்று சொன்னால் போதும். கடப்பாரை வைப்பதற்கு முன் அவரைப் பாருங்கள்.

அப்புறம், இடித்ததைத் திருப்பிக் கட்ட முடியாது. பேசிய ஆள் பின்வாங்கினால் கையில் இருப்பது வாடகையும் வராத, குடியிருக்கவும் முடியாத, தெருவே குப்பை கொட்டும் ஒரு மனை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

புது வீடு வாங்கும் எண்ணமே இல்லை, அல்லது முழுப் பணத்தையும் புது வீட்டிலேயே போடப் போகிறீர்கள் என்றால் இந்த வரிப் பொறி உங்களைத் தொடாது. உள்ளாட்சியிலிருந்து ஆபத்தான கட்டடம் என்று நோட்டீஸ் வந்திருந்தாலும் இடிப்பதைத் தள்ளிப்போட முடியாது.

## வழி நான்கு: பில்டரோடு ஜாயிண்ட் வென்ச்சர்

விற்பது என்று இதைச் சொல்ல முடியாது, பாதி விற்பது. நிலம் உங்களுடையது, கட்டுவது பில்டர், ஃபிளாட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்வது. சாதாரண உயரக் கட்டடத்துக்குத் தமிழ்நாட்டு விதிப்படி எஃப்எஸ்ஐ 2. அதாவது ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி மனையில் 4800 சதுர அடி கட்டலாம். சாலை அகலமும் செட்பேக்கும் அதற்கு இடம் கொடுத்தால்தான். பங்கு விகிதம் நில விலையைப் பொறுத்தது. நிலம் விலை கூடிய இடத்தில் உங்களுக்கு அதிகம், புறநகரில் பில்டருக்கு அதிகம்.

வீட்டின் சேதம் ஒரு பொருட்டே இல்லாத ஒரே வழி இது. எப்படியும் இடிக்கப் போகிறார், அதுவும் அவர் செலவில். காகிதத்தில் நான்கு வழியிலும் அதிகத் தொகை வருவதும் இதில்தான். அதனாலேயே நான் இதில் கொஞ்சம் பயப்படுவேன்.

ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பாதுகாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டுக்கு மேற்படாத ஃபிளாட்டுகள் என்றால் ரெரா பதிவே தேவையில்லை. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். நம் தெருக்களில் நடக்கும் ஜாயிண்ட் வென்ச்சர் முக்கால்வாசி அந்த வலைக்கு வெளியேதான் இருக்கிறது. பில்டர் பாதியில் நிறுத்தினால் உங்களிடம் வீடும் இல்லை, காலிமனையும் இல்லை. நான்கு பில்லரும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும்தான் மிச்சம். அந்தக் கம்பியும் துருப்பிடிக்கும்.

மூலப் பத்திரத்தை பில்டர் கையில் கொடுக்காதீர்கள். பவர் கொடுத்தால் அவர் பங்கு ஃபிளாட்டுகளை விற்க மட்டும் என்று வரையறுத்துக் கொடுங்கள். கட்டும் காலம் முழுக்க உங்கள் வாடகை, தாமதமானால் மாதத்துக்கு எவ்வளவு, ஜிஎஸ்டி யார் பொறுப்பு, உரிமையாளர் இடையில் இறந்துவிட்டால் என்ன, எல்லாம் பதிவு செய்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வரியில் ஒரு நல்ல விஷயம்: பதிவு செய்த ஒப்பந்தம் என்றால், தனிநபருக்கு ஆதாய வரி கட்டட நிறைவுச் சான்று வரும் ஆண்டில்தான். அதற்குள் உங்கள் பங்கை விற்றுவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

அண்ணன், தம்பி, அக்கா என்று மூன்று பேருக்குப் பங்கு, ஆளுக்கொரு ஃபிளாட் போதும், இரண்டு மூன்று வருஷம் பொறுக்க முடியும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பணம் தேவை என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | பழுது பார்த்து | உள்ளபடி | இடித்து மனையாக | ஜாயிண்ட் வென்ச்சர் |
|---|---|---|---|---|
| கையிலிருந்து போடுவது | அதிகம், கூடிக்கொண்டே போகும் | அறிக்கைச் செலவு மட்டும் | குறைவு. சில வீடுகளில் வரவு | வக்கீல் செலவு |
| காலம் | 6 மாதம் முதல் ஒரு வருஷம் | 2–4 மாதம் | 4–8 மாதம் | 2–3 வருஷம் |
| வாங்குபவர் | குடும்பம் | பக்கத்து வீட்டார், பில்டர், ரொக்கம் உள்ளவர் | வீடு கட்டுபவர், பில்டர் | பில்டர் |
| வங்கிக் கடன் தடை | வயதைப் பொறுத்து | பெரும்பாலும் உண்டு | அங்கீகார மனை என்றால் இல்லை | உங்களுக்குப் பொருட்டில்லை |
| பெரிய பொறி | திறந்தபின் கூடும் செலவு | சிறிய அட்வான்ஸ், நீண்ட கெடு | 54க்குப் பதில் 54எஃப் | பாதியில் நிற்பது |

மாதக் கணக்கெல்லாம் நான் பார்த்ததை வைத்துச் சொன்னது. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. வீடாகவே ஒப்பந்தம் போட்டு, வீடாகவே பதிவு செய்து கொடுத்துவிட்டு, பிறகு வாங்கியவர் தன் செலவில் இடித்துக்கொள்வது. தேக்கு மரத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். வீடாக விற்றதால் வரிச் சலுகை நிற்கும், இடிக்கும் அலைச்சல் நம் தலையில் இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான்.

## ஃபிளாட் என்றால்

தனி ஃபிளாட்காரருக்கு மேலே சொன்ன நான்கில் பாதி கிடையாது. பொதுப் பில்லரைத் தனியாகப் பழுது பார்க்க முடியாது, இடிக்கவும் முடியாது. அவர் விற்பது யூடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் ஒடுங்க ஒடுங்க விலை அந்தப் பங்கின் அளவுக்கு இறங்கும். 600 சதுர அடி யூடிஎஸ் உள்ள பழைய ஃபிளாட்டும் 250 உள்ள ஃபிளாட்டும் பார்க்க ஒன்று போல இருக்கும், விலையில் மலைக்கும் மடுவுக்கும் தூரம்.

முன்பெல்லாம் மறுகட்டுமானத்துக்கு ஒருவர் முரண்டு பிடித்தாலும் எல்லாம் நின்றுவிடும். தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம், 2022 நடைமுறைக்கு வந்தபின் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். அதனால் உடனே விற்பதற்கு முன் அசோசியேஷனில் பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பில்டர் வந்துபோய்க்கொண்டிருக்கும் கட்டடத்தில், அதைத் தெரிந்துகொண்டு மலிவாக வாங்கக் காத்திருப்பவர்கள் உண்டு.

## விற்கும்வரை

கிரயம் முடியும்வரை அந்தக் கூரை உங்கள் தலைமேல்தான் இருக்கிறது. பெயரும் அறையைப் பூட்டிவிடுங்கள். என்ஜினியர் சொன்ன இடத்தில் ஜாக்கி முட்டு வையுங்கள். சென்ட்ரிங் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்கைக் காலி செய்து இறக்குங்கள். ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். வாடகைக்கு இருப்பவரிடம் வீட்டின் நிலையை எழுத்தில் சொல்லிவிடுங்கள், காலி செய்யும்வரை வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலியான பிறகு புதிதாக யாரையும் குடி வைக்காதீர்கள், நான்கு மாதத்துக்குத்தான் என்று கெஞ்சினாலும்.

அத்தை வீட்டில் பதிவு நாள் காலையில்தான் கடைசி முட்டுக் கம்பத்தை எடுத்தோம். சாவியை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "அந்தக் கண்ணாடித் துண்டு ஒட்டின இடம் எது, காட்டுங்க" என்றுதான்.